அணில்முடிப் பிரஷ்

இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு மல்லாட்டை எண்ணெயை விட்டு, அதில் பட்டைப் பிரஷ்ஷைச் சுழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார் சவுரிராயன். அப்போதுதான் கம்பெனி நடத்துகிற நடராச வாத்தியார் வந்து நிலைப்படியில் நின்றார். நின்ற விதத்திலேயே சேதி நல்லதில்லை என்று தெரிந்தது. வாத்தியார் உள்ளே வருவதாக இருந்தால் வருவார், போவதாக இருந்தால் போவார். நிலைப்படியில் நின்றுகொண்டு மூக்குப்பொடி டப்பாவைத் தட்டினால் யாருக்கோ சீட்டுக் கிழியப்போகிறது என்று அர்த்தம். நாடகக் கம்பெனியில் பதினெட்டுப் பேருக்கும் அது மனப்பாடம்.

"சாயங்காலம் நாடகம் வெக்கிற மண்டிக்காரரு வர்றாராம் ராயா," என்றார். "அம்மனுக்குக் கண்ணு எழுதறத பாக்கணுமாம். கூட ஊரு பெரிய மனுசங்க நாலு பேரு."

"வேசம் போடற எடத்துக்கா?"

"ஆமா."

"மொகம் முடிஞ்சப்புறந்தான வாத்தியாரே கற்பூரம் காட்டக் கூப்புடுவோம்?"

வாத்தியார் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்தார், ஆனால் போடவில்லை. "நம்ம ஆர்மோனியம் சக்கரபாணி போய்ச் சொல்லியிருக்கான். கண்ணு எழுதறத நேர்ல பாத்தா புண்ணியம்னு. அவரும் சரின்னுட்டாரு. அவன் இன்னா பாத்தான்னு நான் கேக்கல. நீயும் எங்கிட்ட இன்னாத்தையும் சொல்லாத. அவங்க குந்திக்கினு பாக்கும்போது பிரஷ்ஷு தண்ணிக்குப் போவணும், மையிக்குப் போவணும், மூஞ்சிக்குப் போவணும். வேற எங்கயும் போவக் கூடாது. அவ்ளோதான்."

சொல்லிவிட்டுப் பொடியை மறுபடியும் டப்பாவிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேற எங்கயும் என்றால் வாய். பதினோரு வருஷமாக இந்தக் கம்பெனியில் முகம் எழுதுகிறார். முகத்துக்கு மாவு பூசுகிற பட்டைப் பிரஷ், பவுடர் தட்டுகிற மெத்தைப் பிரஷ், உதட்டுக்கு ஒன்று, புருவத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றையும் தன் கையாலேயே எண்ணெயில் கரைத்து, சீயக்காய்த் தண்ணீரில் அலசி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார். மற்றவன் கையில் கொடுக்க மாட்டார். கண் எழுதுகிற மெல்லிய பிரஷ்ஷுக்கு மட்டும் தனி மரியாதை. தண்ணீரில் நனைத்து, உதட்டுக்கு நடுவில் வைத்து ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. வெளியே வரும்போது முனை ஊசியாக நிற்கும். கழுவி வைக்கும்போதும் அப்படியே ஒரு சுழற்று. அப்படி முனை பிடித்துக் காயவிடாவிட்டால் மறுநாள் அது பிரஷ் இல்லை, விளக்குமாறு.

புதுச்சேரியில் மாதா கோயில் சிலைகள், சுரூபங்கள், செய்கிற பட்டறையில் மாதாவுக்கும் சிறகு வைத்த சம்மனசுகளுக்கும் கண் எழுதியபோது பழகியது இது. அங்கே பெரிய மேஸ்திரியே அப்படித்தான் செய்வார். இதை எச்சில் என்று சவுரிராயன் ஒருநாளும் நினைத்ததில்லை. ஊசியில் நூல் கோக்கிறவள் நூலை வாயில் நனைத்துத்தான் கோக்கிறாள். அந்த ரவிக்கையை யாராவது எச்சில் ரவிக்கை என்கிறார்களா? ஆனால் இந்த நியாயத்தை மண்டிக்காரரிடம் சொல்ல முடியுமா? அம்மன் வேஷம் கட்டுகிற துரைக்கண்ணு மூன்று நாள் விரதம், ஒருவேளைச் சாப்பாடு, அவன் தண்ணீர் குடிக்கிற சொம்பைக்கூட வேறு யாரும் தொடுவதில்லை. முகம் எழுதி முடித்து அவனை வீதிவலம் கூட்டிப்போகும்போது வீட்டுக்கு வீடு காலில் குடம் தண்ணீர் கொட்டி விழுந்து கும்பிடுகிறார்கள். அந்தக் கண் மேக்கப்காரன் எச்சிலில் எழுதினது என்று தெரிந்தால்? செஞ்சிப் பக்கம் ஒரு ஊரில் கோமாளி வேஷக்காரன் செருப்போடு கற்பூரத் தட்டைத் தாண்டிவிட்டான் என்பதற்கே திரையைக் கிழித்து விரட்டினார்கள். இது அதைப்போலப் பத்து மடங்கு. போதாக்குறைக்கு, இந்தத் திண்டிவனத்துக்கு மூன்றாவது மைலில்தான் சவுரிராயன் பிறந்த சேரி. வெளியாரிடம் வாத்தியார் அவரை "மேக்கப் மாஸ்டர்" என்றே சொல்லிவைப்பார். பேரைச் சொல்ல மாட்டார். பேர் கேட்டால் தெரு கேட்பார்கள்.

சக்கரபாணி பார்த்தது உண்மைதான். மாசி மாதம், விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டகையில். ஆர்மோனியத்துக்குத் துணி எடுக்க உள்ளே வந்தவன் கண்ணாடியில் பார்த்துவிட்டான். பிரஷ் சவுரிராயனின் உதட்டில் இருந்தது. கண்ணாடிக்குள் இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அதிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், தையில்தான், கோலியனூரில் அவனுடைய நாலு வயது மகள் வைசூரி கண்டு போய்விட்டாள். அவள் போன அன்று அவன் விழுப்புரத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவன் பெண்சாதி கிருஷ்ணவேணி தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பழைய சீமைப் பிரஷ் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. பழக்கத்தில் வாயில் வைத்தாரே தவிர, அது வெறும் தண்ணீருக்கே கட்டுப்படும். ஆனால் ஜெர்மன்காரனோடு சண்டை ஆரம்பித்த இரண்டாம் வருஷமே அது வழுக்கையாகிவிட்டது, பட்டணத்துக் கடையில் கேட்டால் கப்பல் வரவில்லை என்று கையை விரித்தார்கள். அணில் வால் முடியைப் பொறுக்கி, புறா இறகின் தண்டில் செருகிப் பட்டு நூலால் கட்டி, சவுரிராயனே ஒன்று செய்துகொண்டார். பார்க்க அழகுதான். குணம் மட்டும் அடங்காப்பிடாரி. தண்ணீரில் தோய்த்தால் மூன்றாகப் பிரிந்து மூன்று பக்கம் பார்க்கும். எச்சிலுக்கு மட்டும்தான் அடங்கும்.

மத்தியானம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். கடலை மண்டியின் பின்பக்கத்துக் கிடங்குதான் வேஷம் கட்டுகிற இடம். மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தன் புறங்கையிலேயே கோடு இழுத்துப் பார்த்தார். சோற்றுக் கஞ்சியில் நனைத்தால் முனை நின்றது, மை ஓடவில்லை. புளியங்கொட்டைப் பசையில் கம்பியாகிவிட்டது. முட்டையின் வெள்ளைக்கரு கட்டாயம் நிற்கும். பட்டறையில் சிலைக்குப் பொன் ரேக்குத் தகடு ஒட்டியதே அதில்தான். காவல்காரன் வளர்க்கும் பெட்டைக்கோழி மூட்டை இடுக்கில் ஒரு முட்டை இட்டும் வைத்திருந்தது. எடுத்தார். கதகதவென்று இருந்தது. விரதக்காரன் முகத்தில் கவிச்சையா என்று தோன்றியதும் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டார். பதினோரு வருஷம் எச்சிலுக்கு உறுத்தாத மனசு ஒரு முட்டைக்கு உறுத்துகிறதே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் மையிலேயே கருவேலம் பிசினைக் கூடுதலாகக் கரைத்தார். புறங்கையில் கோடு ஒன்றாக விழுந்தது. ஒரு கண் வரைக்கும் தாங்கும், இரண்டு கண்ணுக்குத் தாங்குமா என்பது மாதாவுக்கே வெளிச்சம்.

நாலு மணிக்குத் துரைக்கண்ணு குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தான். இருபத்தாறு வயது, மீசை வைக்க ஆசைப்பட்டு வைக்க முடியாத பிழைப்பு. சவுரிராயன் சபேதா வெள்ளைப் பொடியையும் மஞ்சளையும் எண்ணெயில் குழைத்துப் பட்டைப் பிரஷ்ஷால் நெற்றியிலிருந்து கீழே இழுத்தார். கன்னத்துக்கு, மூக்குக்கு, காது மடலுக்குப் பின்னால்கூட. பிறகு மெத்தைப் பிரஷ்ஷால் பவுடர் தட்டினார். எண்ணெய்ப் பளபளப்பு போய் முகம் மஞ்சள் மண்ணாக நின்றது. அதன் மேல்தான் மை பிடிக்கும். உதடு எழுதினார், பொட்டு வைத்தார். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் வாசல்பக்கமே கிடந்தது.

வந்தார்கள். மண்டிக்காரர் வெங்கடாசலம் நல்ல மனுஷர்தான். ஊரில் வைசூரி தணிந்தால் வைப்பதாக அவர் நேர்ந்துகொண்டதுதான் இந்த அம்மன் நாடகம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மூட்டைமேல் பயபக்தியாக உட்கார்ந்தார். அவருக்கு இருபக்கமும் நான்கு பேர். வாத்தியார் சுவர் ஓரமாக, யாருடைய கண்ணிலும் படாதவர்போல நின்றார். சக்கரபாணி உட்காரவில்லை. சவுரிராயனின் கை நன்றாகத் தெரிகிற மாதிரி தூண் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். ஷேவ் செய்து நாலு நாள் இருக்கும்.

"ஆரம்பிக்கலாமா மாஸ்டர்?" என்றார் வெங்கடாசலம்.

துரைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டான். சவுரிராயன் அணில்முடிப் பிரஷ்ஷை எடுத்துத் தண்ணீர்க் கொட்டாங்கச்சியில் நனைத்தார். வாய் தானாகவே திறந்தது. பதினோரு வருஷப் பழக்கம், கேட்டுக்கொண்டா திறக்கும்? கை பாதி தூரம் மேலே வந்துவிட்டது. வாத்தியார் இருமினார். சவுரிராயன் கையை அப்படியே திருப்பி நெற்றி வேர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு, பிரஷ்ஷைக் கொட்டாங்கச்சி விளிம்பில் மூன்று தரம் சுழற்றினார். மையைத் தொட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கண்ணின் உள்மூலையில் வைத்து, இமையோரமாக இழுத்து, காதுப்பக்கம் தூக்கினார். ஒரே கோடு. கரிய மீன் ஒன்று வாலைத் தூக்கியதுபோல வந்தது.

"ஆத்தா," என்று ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வலது கண்ணுக்குத் திரும்பும்போதே பிசின் வேலையைக் காட்டிவிட்டது. முடி காய்ந்து பிரிந்து நின்றது. நனைத்தார், சுழற்றினார், மறுபடி நனைத்தார். வைத்து இழுத்ததும் கோடு இரண்டாகப் பிளந்தது. துணியால் ஒற்றி எடுத்து, பவுடர் தட்டி, மறுபடி வைத்தார். இந்தத் தடவை மூன்றாகப் பிளந்தது. மை சிதறிக் கன்னத்தில் ஒரு புள்ளி விழுந்தது. வெளியே மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"இன்னா மாஸ்டர், கை ஒதறுது?" என்றார் வெங்கடாசலம். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் ஒரு கண் எழுதி ஒரு கண் எழுதாமல் அம்மன் முகம் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை என்று குரலில் தெரிந்தது.

"விழுப்புரத்துல ஒரே இழுப்புல எழுதினாரு," என்றான் சக்கரபாணி, தூண் பக்கத்திலிருந்து. "ஏன் இன்னிக்கி வரல? கேளுங்க."

சவுரிராயனுக்குக் காதுக்குள் வண்டு பறந்தது. பெண்சாதி லூர்துமேரியின் முகம் வந்தது, இந்த வேலையும் போனால் அவளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது என்று வந்தது, மூன்றாவது மைலில் இருக்கிற சேரிக்குள் இந்த ஆட்கள் தடியோடு நுழைவதுகூட வந்தது. கேட்டுவிடப் போகிறார்கள். கேட்டால் என்ன சொல்வது?

அப்போது துரைக்கண்ணு கண்ணைத் திறந்தான். ஒரு கண் அம்மன் கண், ஒரு கண் அவன் கண். அவசரமே இல்லாமல் கையை நீட்டிச் சவுரிராயனின் விரலிலிருந்து பிரஷ்ஷை வாங்கினான். கொட்டாங்கச்சியில் நனைத்தான். புதிதாக எழுதிய சிவப்பு உதட்டில் படாமல், நாக்கின் நடுவில் வைத்து, உதட்டைக் குவிக்காமல் மெல்லச் சுழற்றி இழுத்தான். முனை ஊசியாக நின்றது. அதை அப்படியே திருப்பி நீட்டினான்.

"அடப்பாவி, விரதத்துல..." என்று கிழவர் பாதி எழுந்தார்.

துரைக்கண்ணு தலையைத் திருப்பவில்லை. மேடையில் அம்மனுக்குப் பேசுகிற அந்தக் கனத்த பெண் குரலில் கேட்டான்: "எம் மொகம். எம் வாயி. யாருக்கு இன்னா கொற?"

கேட்டது துரைக்கண்ணுவா, வேறு யாராவதா என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. வெங்கடாசலம் எழுந்து நின்று கையைக் கூப்பினார். அவர் கூப்பியதைப் பார்த்து மற்றவர்களும் கூப்பினார்கள். கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சவுரிராயன் பிரஷ்ஷை வாங்கி மையைத் தொட்டு வலது கண்ணை ஒரே இழுப்பில் எழுதினார். கற்பூரம் ஏற்றினார்கள். வாத்தியார் அப்போதுதான் பொடி போட்டார்.

கிரீடத்தை வைத்துக் கட்டும்போது துரைக்கண்ணு வாயை அசைக்காமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: "அஞ்சு வருசமா கண்ணுல பிரஷ்ஷு வெதுவெதுன்னுதான்ணே படும். இன்னிக்கித்தான் சில்லுனு பட்டுச்சி." சொல்லிவிட்டு வேப்பிலையை வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு வெளியே போய்விட்டான். மேளம் எழும்பியது. குலவைச் சத்தம் தெருவில் இறங்கிப் போயிற்று.

சவுரிராயன் மூட்டைமேல் உட்கார்ந்தார். அஞ்சு வருஷமாகத் தெரிந்திருக்கிறான், தெரிந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்திருக்கிறான். நன்றியா அவமானமா என்று பிரிக்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் அழுதுவிடுவோம் என்று பிரஷ்களை எடுத்து வைத்துக் கழுவ ஆரம்பித்தார். பட்டைப் பிரஷ்ஷை எண்ணெயில் போட்டுக் கரைத்தார், மஞ்சள் உள்ளங்கையில் இறங்கியது. சீயக்காய்த் தண்ணீரில் அலசி, உதறி, கட்டித் தொங்கவிட்டார். கடைசியாக அணில்முடிப் பிரஷ். பிசின் இறுகியிருந்ததால் வெந்நீர் விட்டுக் கொஞ்சங்கொஞ்சமாக இளக்கி, சீயக்காய்த் தண்ணீரில் அலசினார். கறுப்பு போய்த் தண்ணீர் தெளிந்தது.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். சக்கரபாணி நின்றுகொண்டிருந்தான். ஆர்மோனியக்காரன் இல்லாமலே வீதிவலம் போய்க்கொண்டிருந்தது.

"ராயண்ணே," என்றான். தூண் பக்கத்தில் பேசிய குரல் இல்லை. "ஒன்னு கேக்கறேன். அவங்களுக்காவ இல்ல, எனக்காவ. அன்னிக்கிக் கண்ணாடில நான் பாத்தது நெசமா?"

சவுரிராயன் பிரஷ்ஷை இன்னொரு தடவை தண்ணீரில் முக்கினார்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. உங்க மாதா மேல ஆணையா இல்லன்னு சொல்லுங்க, நான் உட்டுடறேன். இனிமே இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்." கீழே குந்தினான். "கொழந்த படுத்துக்கினு கெடந்தப்ப கிருஷ்ணவேணி ரசத்துக்குக் கடுகு தாளிச்சிட்டாண்ணே. அம்ம கண்ட ஊட்ல தாளிக்கலாமா? மறந்துட்டேன்றா. மறந்துட்டு தாளிச்சேன்றா. அதான் ஆத்தாவுக்குக் கோவம்னு நான் அடிச்சிட்டேன். கொழந்தய பொதைக்க எடுத்துக்கினு போன அன்னிக்கே அடிச்சேன். அப்புறம் உங்கள கண்ணாடில பாத்தேன். இது வருசக்கணக்கா நடக்குதுன்னா, அப்ப கொழந்த போனதுக்கு அவ கடுகு காரணம் இல்ல. இதான். இதான்னு தெரிஞ்சா நான் போயி அவ கால்ல உயுந்துடுவேன். நீங்க இல்லன்னு சொல்லிட்டா..." அவனால் முடிக்க முடியவில்லை.

முடிக்க வேண்டியதும் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் அவள்தான்.

ஒரு சொல். இல்லை என்று சொன்னால் வேலை நிலைக்கும், லூர்துமேரிக்கு உலை கொதிக்கும், வாத்தியார் பொடி டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். இத்தனை பேர் முன்னால் துரைக்கண்ணு நாக்கை நீட்டிக் காப்பாற்றிக் கொடுத்ததும் வீணாகாது. ஒரு பிள்ளையின் சாவுக்கு ஒரு பிரஷ்ஷும் காரணமில்லை, ஒரு கரண்டிக் கடுகும் காரணமில்லை என்று சவுரிராயனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் இவன் காதில் ஏறுமா? ஏறாது. எதையாவது தொட்டு இதுதான் என்று சொல்லாமல் இவனால் எழுந்திருக்க முடியாது. தாய்வீட்டில் ஒருத்தி, பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு, பழியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்த்திராத அந்தப் பெண்மேல் சவுரிராயனுக்கு அடக்க முடியாத பரிதாபம் வந்தது. இவன்மேல் கோபமும் வந்தது. அடிக்கிற கையா அது, ஆர்மோனியம் வாசிக்கிற கை?

பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முடி மூன்றாகப் பிரிந்து மூன்று பக்கம் பார்த்தது. இப்படியே காய்ந்தால் நாளைக்கு உதவாது.

சவுரிராயன் சக்கரபாணியின் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே பிரஷ்ஷைத் தூக்கி உதட்டுக்கு நடுவில் வைத்தார். நிதானமாக ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. சீயக்காய்க் கசப்பு நாக்கில் பட்டது. முனை கூடி ஊசியாக வந்தது. அதை மை காய்கிற தகர மூடியின் மேல், இரண்டு பேருக்கும் நடுவில், முனை எதிலும் படாமல் குறுக்கே வைத்தார்.

"போயி கிருஷ்ணவேணிய கூட்டிக்கினு வா," என்றார்.

சக்கரபாணி எழுந்திருக்கவில்லை. மேளம் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. வெங்கடாசலத்தின் குரல் எல்லோருக்கும் மேலாக வழிவிடச் சொல்லிக் கத்துவது கேட்டது; இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் எல்லோரும் இந்த வாசலுக்கே வந்துவிடுவார்கள். இரண்டு பேரும் அசையாமல் தகர மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணில்முடியில் ஈரம் வேரிலிருந்து மெல்ல உலர்ந்துகொண்டு வந்தது. முனையில் மட்டும் இன்னும் கொஞ்சம் பளபளப்பு இருந்தது.